தடுப்பதா, கட்டுவதா, வாங்குவதா, கற்றுக்கொடுப்பதா: பள்ளிக்குள் சாட்பாட் வரும் நான்கு வழிகள்

எங்கள் பள்ளி பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி, அன்மொழித்தொகைக்கு எடுத்துக்காட்டாகத் தமிழ் நோட்டில் ‘செந்தாமரை’ என்று எழுதியிருந்தாள். அது பண்புத்தொகை. ‘பொற்றொடி வந்தாள்’ என்று வகுப்பில் நடத்தியதை விட்டுவிட்டு இது எங்கிருந்து வந்தது என்று தமிழாசிரியை கேட்டிருக்கிறார். “ஏஐகிட்ட கேட்டேன் மிஸ்” என்றாளாம். அந்தச் சாட்பாட் தவறான பதிலை மூன்று வரி விளக்கத்தோடு, கொஞ்சமும் தயங்காமல் கொடுத்திருந்தது. நான் கணக்கு ஆசிரியை. ஆசிரியர் அறையில் இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று உறைத்தது. சாட்பாட்டைப் பள்ளிக்குள் விடலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அது வந்து உட்கார்ந்து பல நாளாகிவிட்டது.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் மற்ற இடங்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்துச் சொல்லும்படி தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். தேடிப் படித்ததில் நான்கு வழிகள் தெளிவாகத் தெரிந்தன. நியூயார்க் தடுத்தது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டின. லாஸ் ஏஞ்சலஸ் விலைக்கு வாங்கியது. எஸ்தோனியா முதலில் ஆசிரியர்களைத் தயார் செய்தது. என் மனம் எஸ்தோனியா பக்கம் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தடையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. அடுத்த ஜனவரித் தொடக்கத்திலேயே நியூயார்க் நகரக் கல்வித்துறை பள்ளிக் கணினிகளிலும் பள்ளி இணையத்திலும் அதை நிறுத்தியது. அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளி மாவட்டம் அது. மே மாதமே முடிவை மாற்றிக்கொண்டது. பயத்தில் அவசரப்பட்டுவிட்டோம் என்ற பொருளில் அப்போதைய கல்வித் தலைவர் டேவிட் பேங்க்ஸ் எழுதினார். பள்ளியின் இணைப்பைத்தான் பள்ளியால் மூட முடியும். சொந்த போனும் வீட்டில் இணையமும் உள்ள பிள்ளைக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை. பள்ளிக் கணினியை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளைக்குத்தான் கதவு மூடும். எங்கள் ஊரிலும் அப்படியேதான் நடக்கும்.

தடை போட்டால் மீறியவரைப் பிடிக்க ஒரு கருவியும் வேண்டும். அதுதான் எனக்கு இன்னும் கவலை தருகிறது. ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்டது. அவர்கள் கொடுத்த கணக்குப்படியே, ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதம்தான் அதில் சிக்கியது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அது தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தைக் கருவிகள் ஏஐ எழுதியது என்றன. எளிய சொற்கள், ஒரே மாதிரியான வாக்கிய அமைப்பு, இவையே அவற்றின் சந்தேகத்துக்குக் காரணம். எங்கள் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நேர்மையாக எழுதியவளை எழுப்பி நிறுத்தித் திருடி என்று சொல்லும் கருவியை எங்கள் பள்ளியில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்து ஆஸ்திரேலியா. 2023 தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, விக்டோரியா போன்ற மாநிலங்கள் அரசுப் பள்ளிகளில் சாட்ஜிபிடியைத் தடுத்தன. தெற்கு ஆஸ்திரேலியா தடுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டுடன் சேர்ந்து எட்சாட் என்ற சாட்பாட்டை உருவாக்கி, அந்த ஆண்டே எட்டு உயர்நிலைப் பள்ளிகளில் விட்டுப் பார்த்தது. பிள்ளைகள் தட்டுவது கல்வித்துறையின் வேலிக்குள்ளேயே இருக்கும். தகாத உள்ளடக்கத்தை நிறுத்த வடிகட்டியும் உண்டு. தடை போட்டிருந்த நியூ சவுத் வேல்ஸும் அப்புறம் தனக்கென ஒன்றைக் கட்டி, 2024இல் 16 அரசுப் பள்ளிகளில் சோதித்தது. ஒரு கட்டுரை எழுதிக் கொடு என்று கேட்டால் அது எழுதிக் கொடுத்துவிடாது. நீ என்ன நினைக்கிறாய், எங்கிருந்து தொடங்கலாம் என்று பிள்ளையிடமே திருப்பிக் கேட்கும்.

இந்த ஒரு குணம் எவ்வளவு பெரியது என்பதற்குத் துருக்கியில் நடந்த ஒரு சோதனை சாட்சி. கணக்கு ஆசிரியை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். சிலருக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். சிலருக்குச் சாதாரண சாட்பாட். மற்றவர்களுக்கு, விடையை நேராகச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த சாட்பாட். இந்த மூன்றாவதில் சரியான விடையையும், பிள்ளைகள் வழக்கமாக எங்கே தவறுவார்கள் என்பதையும் ஆசிரியர்களின் துணையோடு முன்கூட்டியே சேர்த்திருந்தார்கள். பயிற்சிக் கணக்குகளில், சாதாரண சாட்பாட் வைத்திருந்தவர்கள் புத்தகம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். துப்பு கொடுக்கும் சாட்பாட் வைத்திருந்தவர்கள் 127 சதவீதம். அப்புறம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண சாட்பாட்டில் பழகியவர்கள், அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். துப்புச் சாட்பாட்டில் பழகியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. புத்தகக் குழுவுக்கு ஏறக்குறையச் சமமாக நின்றார்கள்.

பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதே தெரியவில்லை என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டுப்பாட நோட்டு முழுக்கச் சரி போட்டிருக்கும், காலாண்டுத் தேர்வில் தாள் வெறுமையாக இருக்கும். இதை எங்கள் பள்ளியிலும் நான் பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஆகவே எந்த வழியை எடுத்தாலும், இந்தச் சாட்பாட் விடையைக் கொடுக்குமா, விடை நோக்கி நடக்க வைக்குமா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்த அளவுகோலில் ஆஸ்திரேலிய வழிக்குத்தான் முதல் மதிப்பெண். ஆனால் அதைக் கட்ட ஒரு மாநில அரசின் பணமும் ஆட்களும் வேண்டும். ஒரு தனிப் பள்ளியால் முடியாது.

முடியாதவர்கள் வாங்கலாமே என்று தோன்றும். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் அதைத்தான் செய்தது. 2024 மார்ச்சில் ‘எட்’ என்ற சாட்பாட்டை விழா எடுத்து அறிமுகம் செய்தார்கள். சிரிக்கும் சூரியன் அதன் முகம். வருகைப்பதிவு, மதிப்பெண், பேருந்து நேரம் என்று மாணவருக்கும் பெற்றோருக்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லும் என்றார்கள். செய்து கொடுத்தது ஆல்ஹியர் என்ற சிறிய நிறுவனம். ஒப்பந்தம் 60 லட்சம் டாலர் வரை. ஜூனில் அந்த நிறுவனம் பணமில்லாமல் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. சாட்பாட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. மாணவர் விவரங்களை அது கையாண்ட விதம் சரியில்லை என்று அங்கே வேலை பார்த்த ஒருவரே புகார் சொன்னார். முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக நிறுவனர்மீது அந்த நவம்பரில் வழக்கும் வந்தது.

இங்கேயும் பள்ளிகளுக்குப் பை நிறைய விளம்பரத்தாளோடு விற்பனையாளர்கள் வருகிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தெரிகிறது. நீங்கள் கடையை மூடினால் எங்கள் பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் யாரிடம் இருக்கும்? எங்களிடம் வந்த ஒருவர் இதற்குப் பதில் சொல்லாமல் இன்னொரு வண்ணப்படத்தைக் காட்டினார். அன்றைக்கே அந்தக் கோப்பை மூடிவிட்டோம்.

நான்காவது எஸ்தோனியா. மொத்த மக்கள்தொகையே 13 லட்சத்துச் சொச்சம். 1996இல் ‘புலிப் பாய்ச்சல்’ என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொண்டுபோனவர்கள், 2025 செப்டம்பரில் ‘ஏஐ பாய்ச்சல்’ தொடங்கினார்கள். 10, 11ஆம் வகுப்புகளைச் சேர்ந்த சுமார் 20,000 மாணவர்கள், சுமார் 3,000 ஆசிரியர்கள் என்று கணக்கு வைத்து, ஆசிரியர் பயிற்சியைத் திட்டத்தின் நடுவில் வைத்தார்கள். ஐந்து வயதுக் குழந்தையில் தொடங்காமல் மேல்வகுப்பில் தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. எந்த ஒரு சாட்பாட்டையும் நம்பாமல், எப்படிக் கேட்பது, எப்படிச் சரிபார்ப்பது, எதை அதனிடம் கொடுக்கக் கூடாது என்று தெரிந்த ஆசிரியர்களை நம்பும் வழி இது. நாளைக்கு ஒரு நிறுவனம் போய் இன்னொன்று வந்தாலும் அந்த அறிவு பள்ளியிலேயே இருக்கும்.

இதிலும் குறை உண்டு. மெதுவாகத்தான் நகரும். ஏற்கெனவே வருகைப்பதிவு, பதிவேற்றம், தேர்வு வேலை என்று மூச்சுமுட்டும் ஆசிரியர் தலையில் இன்னொன்றை வைப்பதும் ஆகும். நேரம் ஒதுக்கித் தராமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் இந்த வழி காகிதத்தோடு நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் கேரள அரசுப் பள்ளிகளின் தொழில்நுட்ப வேலையைப் பார்க்கும் கைட் நிறுவனம், 2024 மே மாதத்தில் தொடங்கி, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் 80,000 பேருக்கு ஏஐ பயிற்சி என்று இலக்கு வைத்து இறங்கியது. அரசு முனைந்தால் நடக்கக்கூடிய காரியம்தான்.

நான்கு வழிகளிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று, தமிழ். இந்தச் சாட்பாட்டுகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. அந்தத் துண்டை டோக்கன் என்பார்கள். ஒரே வாசகத்துக்குத் துண்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தன் புதிய மாடலை வெளியிட்டபோது ஓர் எடுத்துக்காட்டு கொடுத்தது. ஒரே அறிமுக வாசகம் ஆங்கிலத்தில் முன்பு 27 டோக்கன், தமிழில் 116. புதியதில் ஆங்கிலம் 24, தமிழ் 35. பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் வெட்டுவது சீரானதால் மட்டும் இலக்கணம் வந்துவிடாது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குக் கணக்கை ஓரளவு சரியாகச் சொல்லும் அதே சாட்பாட், செந்தாமரையை அன்மொழித்தொகை என்கிறது. எந்தப் பாடத்தில் எவ்வளவு நம்பலாம் என்பதை அந்தந்தப் பாட ஆசிரியர் உட்கார்ந்து சோதித்துத்தான் சொல்ல முடியும்.

பெற்றோரை எந்த இடத்தில் சேர்ப்பது என்பதிலும் இந்த வழிகள் வேறுபடுகின்றன. தடையில் அவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போகும். விலைக்கு வாங்கினால் ஒரு செயலி போகும். இந்தியாவில் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சாட்ஜிபிடியின் விதியும் 13 வயதுக்குக் கீழே கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்பதுதான். யுனெஸ்கோவும் 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் 13 வயதைத்தான் எல்லையாகச் சொன்னது. எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று பெற்றோருக்குப் புரியவைக்காமல் கையெழுத்து வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

போன பெற்றோர் கூட்டத்தில், மில்லில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: “டீச்சர், அது தமிழ்ல பேசினா நானும் கேக்கலாமா?” நீங்களும் கேளுங்கம்மா என்றேன். டியூஷனுக்கு அனுப்ப வழியில்லாத வீடு அது. இரவு பத்து மணிக்கு மகளுக்கு முக்கோணவியல் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. அந்த வீட்டுக்காகத்தான் தடை வேண்டாம் என்கிறேன். அதே வீட்டுக்காகத்தான், விடையை ஊட்டிவிடும் சாட்பாட்டை அப்படியே கையில் கொடுத்துவிடவும் கூடாது என்கிறேன்.

தலைமையாசிரியரிடம் நான் சொன்னது இது. மாநில அரசு ஆஸ்திரேலியா மாதிரி வேலி போட்ட ஒன்றைக் கட்டித் தரட்டும். தரும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு பருவம் முழுக்க ஆசிரியர்கள் மட்டும் பழகுவது. வாரத்துக்கு ஒரு பாடவேளை அதற்கென்றே ஒதுக்குவது. ஒவ்வொரு பாடத்திலும் அது சொன்ன தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பது. அதன்பின் பெற்றோரை அழைத்து ஹைடெக் லேபில் அவர்களே தட்டிப் பார்க்க விடுவது. மூன்றாவதாகத்தான் பிளஸ் ஒன் மாணவர்கள், அதுவும் தனிக் கணக்கு இல்லாமல், வகுப்புத் திரையில், ஆசிரியர் முன்னால், “விடையைச் சொல்லாதே, அடுத்த படிக்கு மட்டும் துப்பு கொடு” என்று முதலில் எழுதிவிட்டு. பத்தாம் வகுப்பும் அதற்குக் கீழும் இந்த ஆண்டு வேண்டாம்.

தவறுகளை எழுதும் நோட்டைத் தமிழாசிரியை அன்றே வாங்கிவிட்டார். முதல் பக்கத்தில் செந்தாமரை இருக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கான முதல் வகுப்பையும் அவர்தான் எடுக்கப்போகிறார். அதே கேள்வியைத் திரையில் தட்டி, வந்த பதிலில் என்ன தவறு என்று கண்டுபிடிக்க முதலில் அந்த மாணவியைத்தான் அழைப்பேன் என்கிறார்.