கைடு என்று வந்தவர் டிரைவர்: கிரீட் தீவில் நாங்கள் ஏமாந்த எட்டு நாள்

என் அக்கா முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவள். ஓய்வு பெற்றதும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கிரீட்டில் இருக்கிற அந்தக் களிமண் தட்டை ஒரு தடவை நேரில் பார்க்கணும்." ஃபைஸ்டோஸ் தட்டைத்தான் சொல்கிறாள். கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் 1908-ல் தோண்டி எடுத்தது. அதில் சுருள் சுருளாக அச்சிட்டிருக்கும் குறிகளை இன்றுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை. எப்போதோ ஒரு பத்திரிகையில் வந்த அதன் படத்தை வெட்டி டைரிக்குள் வைத்திருந்தாள்.

அதற்காகத்தான் அந்தப் பயணத்தைப் பதிவு செய்தேன். "நடை, உணவு, வரலாறு: வழிகாட்டியுடன் எட்டு நாள்." ஆளுக்கு 1,890 யூரோ, விமானச் செலவு தனி. அக்கா ஊரிலிருந்து விசா எடுத்து, இரண்டு விமானம் மாறி வந்தாள். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. ஆனால் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் இதே பயணத்தை விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கிரீட்டின் தலைநகர் ஹெராக்லியோன் விமான நிலையத்தில் பெயர்ப்பலகையோடு ஒருவர் நின்றார். நல்ல மனிதர், சிரித்த முகம். அக்காவின் பெட்டியை அவரே தூக்கி வைத்தார். "அதிகபட்சம் 12 பேர்" என்று போட்டிருந்த பயணத்துக்கு பஸ்ஸில் 21 பேர் இருந்தோம். சரி, முதல் நாளே சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். துறைமுகத்தைத் தாண்டும்போது அங்கே நிற்கிற கல்கோட்டையைக் காட்டி, இது எப்போது கட்டியது என்று அக்கா கேட்டாள். "ரொம்பப் பழசு மேடம்" என்றார். அது 1523-லிருந்து 1540 வரை வெனிஸ்காரர்கள் கட்டியது. அக்கா அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சும்மா பேச்சுக் கொடுக்கத்தான் கேட்டாள். பதிலைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் க்னோசஸ், கிரீட்டின் மிகப் பழைய அரண்மனை இடிபாடு. வாசலில் இறக்கிவிட்டு, டிக்கெட்டைக் கையில் கொடுத்து, பத்து நிமிடம் மினோஸ் ராஜா, காளைத்தலை அரக்கன் கதையைச் சொன்னார். அப்புறம், "நீங்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் பஸ்ஸில் இருக்கிறேன்" என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு நேராகவே பதில் சொன்னார்: அவரிடம் கைடு லைசென்ஸ் இல்லை, அவரை வேலைக்கு எடுத்தது டிரைவராக. கிரீஸில் தொல்லியல் இடங்களுக்குள் குழுவுக்கு விளக்கம் சொல்ல லைசென்ஸ் பெற்ற கைடுக்குத்தான் அனுமதி. பெரும்பாலும் அரசுப் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறியவர்கள் அவர்கள். அடையாள அட்டை இருக்கும். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருவர் சம்பளத்தில் இரண்டு பேர் வேலையை வாங்குகிற ஆபீஸ் மேல்தான் கோபம்.

உள்ளே நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இன்னொரு குழு ஒரு பெண் கைடோடு சிவப்புத் தூண்களுக்கு முன்னால் நின்றிருந்தது. அக்கா மெதுவாக நகர்ந்து அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள். வகுப்புக்கு வெளியே ஜன்னலோரம் நின்று பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். பணம் முழுதும் கட்டிவிட்டு, அடுத்தவர் வகுப்பில் ஒளிந்து கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் கவனித்துவிட்டார். பேச்சை நிறுத்தி, தலையை லேசாக அசைத்து, பக்கத்தில் வரச் சொன்னார்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் நாங்கள் தெரிந்துகொண்டது எட்டு நாளில் வேறெங்கும் கிடைக்கவில்லை. நாங்கள் படம் எடுத்துத் தள்ளிய அந்தச் சிவப்புத் தூண்கள் மூவாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட பழைய தூண்கள் இல்லை. 1900-ல் இங்கே தோண்ட ஆரம்பித்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் பின்னாளில் கான்கிரீட்டில் எழுப்பியவை. சுவரில் இருக்கும் டால்பின் ஓவியமும் 'அல்லி இளவரசன்' என்கிற ஓவியமும் நகல்கள், அசல் துண்டுகள் ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அல்லி இளவரசனே சில துண்டுகளைச் சேர்த்து ஊகித்து வரைந்த உருவம், அந்தத் துண்டுகள் எல்லாம் ஒரே ஆளுடையவையா என்பதே சந்தேகம். எவன்ஸுக்கு முன்பே, 1878-ல், உள்ளூர்க்காரரான மினோஸ் கலோகைரினோஸ் இங்கே தோண்டிப் பெரிய தாழிகளைக் கண்டெடுத்திருக்கிறார். இதைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் க்னோசஸ் என்பது வர்ணம் பூசிய சிமெண்டும் வெயிலும்தான்.

அன்று மதியம் அருங்காட்சியகம் என்று திட்டத்தில் இருந்தது. பஸ் போய் நின்றது ஊருக்கு வெளியே ஒரு கடையில். "ஆலிவ் எண்ணெய் சுவைத்தல்" என்றார்கள். பிளாஸ்டிக் குப்பியில் மூன்று எண்ணெய், பக்கத்தில் ஆலிவ் மரக் கரண்டிகள், தோல் பைகள். ஒரு மணி நேரம் பஸ் கதவு திறக்கவில்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்த வருட அறுவடை என்று எங்கும் இல்லை. அருங்காட்சியகம் என்னவாயிற்று என்று கேட்டால், "ஆபீஸ் ஏற்பாடு செய்யவில்லை மேடம்." அக்கா வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "விடுடி, நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள். திட்டத்தில் அதற்கு நாளை என்று ஒன்று இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

உணவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "கிராமத்து வீட்டில் சமையல்" என்று போட்டிருந்தார்கள். 1950-களின் கடைசியில் தொடங்கிய, சாப்பாட்டுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைப் பார்த்த ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட்காரர்களின் சாப்பாடு பேர் வாங்கியதைப் பற்றி ஒரு பத்தியே இருந்தது. கூட்டிப் போனது தீவின் மேற்கே உள்ள ஹனியா நகரத்துத் துறைமுகத்தில், படம் போட்ட மெனு அட்டையைக் காட்டி ஆள் பிடிக்கிற கடைக்கு. டாகோஸ் என்பது அந்த ஊர் பார்லி ரஸ்க், துருவிய தக்காளியும் எண்ணெயும் ஊறி அடியில் லேசாக இளகியிருக்க வேண்டும். வந்தது பல்லை உடைக்கிற ரஸ்க்கின் மேல் இரண்டு தக்காளித் துண்டு. பக்கத்து மேஜையில் எங்கள் குழுவைச் சேர்ந்த தம்பதி மீன் கேட்டார்கள். அங்கே மீனைக் கிலோ கணக்கில்தான் விலை போடுவார்கள். நிறுத்துக் காட்டாமல் சமைத்துக் கொண்டுவந்து 96 யூரோ என்றார்கள். கிரீஸில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை. அந்த அறிவிப்பை மெனுவிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைக் காட்டி ரசீது கேட்ட பிறகு தொகை குறைந்தது. மறுநாள் நாங்கள் இருவரும் தனியாகப் பின் சந்தில் நுழைந்து, வேகவைத்த காட்டுக்கீரையில் எலுமிச்சையும் எண்ணெயும் விட்டுக் கொடுத்ததை ரொட்டியோடு சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் சேர்த்து 14 யூரோ. அந்த ஒரு வேளைதான் உணவுப் பயணம்.

ஸ்பினாலோங்கா தீவை எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? எதிர்க்கரையில் பிளாகா கிராமத்தில் பஸ்ஸை நிறுத்தி, "அதோ." அவ்வளவுதான். வெனிஸ்காரர்களின் கோட்டை, பிறகு 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த இடம். படகில் போய்க் காலடி வைக்கலாம் என்று நினைத்திருந்தோம். திட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் "ஸ்பினாலோங்கா காட்சி" என்றுதான் இருந்தது. படகு வேண்டுமானால் சொந்தச் செலவு, நேரமும் கிடையாது.

இதெல்லாம் பணம் போன கதை. சமரியா பள்ளத்தாக்கில் நடந்தது ஆபத்து.

மொத்தம் 16 கிலோமீட்டர் நடை. ஓமலோஸ் மேட்டுநிலத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி, கடற்கரையில் அகியா ருமேலி கிராமத்தில் முடிகிறது. முழுக்க இறக்கம், உருளும் கற்கள். நடுவில் வெளியேறும் வழி கிடையாது. யாருக்காவது அடிபட்டால் பூங்காக் காவலர்கள் கோவேறு கழுதையைக் கொண்டுவருவார்கள், வண்டி வராது. கீழே போய்ச் சேர்ந்தாலும் முடியவில்லை. அகியா ருமேலிக்குச் சாலையே இல்லை, படகு ஒன்றுதான் வழி. இதில் ஒரு வரிகூட முன்கூட்டி எங்களுக்குச் சொல்லவில்லை. திட்டத்தில் "வழிகாட்டியுடன் இயற்கை நடை, மிதமானது" என்று இருந்தது.

காலை எட்டரைக்கு வாசலில் இறக்கிவிட்டு, "மாலை ஐந்தரைக்குக் கடைசிப் படகு, பிடித்துவிடுங்கள். நான் பஸ்ஸைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்ஃபாகியா துறையில் நிற்பேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார். 21 பேர். எழுபது வயதுக்காரர் ஒருவர். செருப்போடு வந்த ஒரு பெண். என் அக்காவுக்கு ஏற்கனவே முழங்கால் வலி.

முதல் மூன்று கிலோமீட்டர் மரக்கட்டைத் தடுப்புகளைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கினோம். அதற்குள்ளேயே அக்காவின் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பைன் கிளையை ஒடித்துக் கொடுக்கலாம் என்று பார்த்தேன், அது தேசியப் பூங்கா, ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. வழியில் ஊற்றுத் தண்ணீர்க் குழாய்கள் இருந்தது புண்ணியம். நடுவழியில் சமரியா என்ற பழைய கிராமம். பூங்காவாக அறிவித்த 1962-ல் அங்கிருந்த குடும்பங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கூரை போன வீடுகளுக்கு நடுவே ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்திருந்தன. இறக்கத்தில் கால் முன்னால் தள்ளித் தள்ளி, நகம் ஷூவில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டியிருந்தால் இவ்வளவு ஆகாது என்று அங்கிருந்த காவலர் சொல்லிக் கட்டியும் விட்டார். இந்த ஒரு வாக்கியத்தைக் காலையில் சொல்வதற்குத்தானே வழிகாட்டி?

பாறைச் சுவர்கள் நான்கு மீட்டர் அளவுக்கு நெருங்கி வருகிற "இரும்புக் கதவுகள்" என்ற இடத்தை நாலரை மணிக்குக் கடந்தோம். உலகமே வந்து அண்ணாந்து பார்க்கிற இடம். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினோம். படகு டிக்கெட் கட்டணத்தில் சேரவில்லை என்பது துறையில்தான் தெரிந்தது. வரிசையில் நின்று வாங்கி ஏறும்போது பத்து நிமிடம் பாக்கி. செருப்போடு வந்த பெண்ணும் அவர் தோழியும் வந்து சேரவில்லை. படகு கிளம்பிய பிறகு கரையில் இரண்டு உருவம் கை ஆட்டியது தெரிந்தது. அவர்கள் அன்று இரவு சொந்தச் செலவில் அங்கே அறை எடுத்துத் தங்கினார்கள். ஆபீஸின் அவசர எண்ணுக்கு நான் ஏழு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

கடைசி நாள் பத்தரைக்கு பஸ். அக்காவை ஆறரைக்கு எழுப்பினேன். நகத்தில் கட்டுப்போட்டு, என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, அருங்காட்சியகம் திறக்கும்போது வாசலில் நின்றோம். தட்டு தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்க்கலாம். குறுக்களவு 16 சென்டிமீட்டர்தான், உள்ளங்கையை விரித்தால் மறைந்துவிடும். அக்கா விரலால் கண்ணாடிக்கு வெளியே அந்தச் சுருளைத் தொடர்ந்துகொண்டே வந்தாள், இறகுத் தலைக்காரன், மீன், கேடயம் என்று ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டு. நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கிடைத்தது ஒன்றேகால் மணி நேரம். ஒரு முழு மதியம் கிடைத்திருக்க வேண்டும்.

இனி புகார் விஷயம். எங்கள் திட்டம் தங்குமிடமும் பயணமும் சேர்த்து விற்றது. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தொகுப்புப் பயணச் சட்டத்துக்குள் வருகிறது. 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பயணத்தை ஏற்பாடு செய்து விற்ற நிறுவனம்தான் பொறுப்பு, உள்ளூர் ஏஜென்டைக் கை காட்டித் தப்பிக்க முடியாது. சொன்னதைத் தராவிட்டால் அதற்கு ஈடாக விலையைக் குறைத்துத் தர வேண்டும். ஆனால் குறையைத் தாமதிக்காமல் தெரிவித்திருக்க வேண்டும். க்னோசஸ் வாசலிலிருந்தே நான் ஆபீஸுக்கு மின்னஞ்சல் அனுப்பியது எங்களைக் காப்பாற்றியது. பதிவு செய்த அன்றே திட்டப் பக்கத்தை அப்படியே சேமித்து வைத்ததும் காப்பாற்றியது, ஏனென்றால் நாங்கள் திரும்பி வந்த பத்தாவது நாள் அந்தப் பக்கத்தில் "வழிகாட்டியுடன்" போய் "டூர் லீடர் உதவியுடன்" என்று மாறியிருந்தது. இந்த இரண்டு வார்த்தைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. டூர் லீடர் என்றால் பஸ்ஸில் கூட வருகிறவர், அவ்வளவுதான். க்னோசஸுக்குள் எங்களோடு வருகிற கைடு யார், அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா, சமரியாவில் எங்களோடு யார் நடப்பார் என்று மீதிப் பணம் கட்டும் முன் எழுத்தில் பதில் வாங்குங்கள். "ஆபீஸ் ஏற்பாடு செய்யும்" என்பது பதில் இல்லை. முடிந்தால் கார்டில் கட்டுங்கள். நான் 40 யூரோ தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வங்கி வழியாக அனுப்பிவிட்டேன், பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்கிற வாய்ப்பு அதோடு போயிற்று.

முதலில் அடுத்த பயணத்துக்கு 10 சதவீதக் கூப்பன் தருவதாக எழுதினார்கள். வேண்டாம் என்றேன். நான் வசிப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டில், அவர்கள் பதிவு செய்திருப்பது இன்னொன்றில். இப்படி நாடு விட்டு நாடு வருகிற வழக்குகளுக்கு ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் இலவசமாக உதவுகின்றன. அவர்கள் கடிதம் போன பிறகு ஆளுக்கு 260 யூரோ திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். படகைத் தவறவிட்ட இரண்டு பெண்களுக்கும் இதுவரை ஒன்றும் வரவில்லை. அன்று இரவு தங்கிய அறைக்கு அவர்கள் ரசீது வாங்கவில்லை, ஆபீஸுக்கும் ஒரு வரி எழுதவில்லை. அவர்களுக்காக நான் படகிலிருந்து எடுத்த படத்தை, நேரம் தெரிகிற மாதிரி, கோப்பில் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.