மெய்யழகன்: 18 நிமிடங்களுக்கு முன்னும் பின்னும்

2024 செப்டம்பர் 27 அன்று வெளியான ‘மெய்யழகன்’ படத்தை நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை, வெளியான மறுநாள் மாலைக் காட்சியில், தஞ்சாவூரில், ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடிய முழு வடிவத்தைப் பார்த்தேன். படம் நீளம் என்ற பேச்சு எழுந்ததும் படக்குழுவினர் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். அந்தச் சுருங்கிய வடிவத்தை அடுத்த வாரம் சென்னையில் பார்த்தேன். இவ்விரு காட்சிகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் எங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் இந்தப் படத்தைப் பற்றி நடந்த அளவுக்கு விவாதம் அண்மையில் வேறெந்தப் படத்தைப் பற்றியும் நடந்ததில்லை. படம் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் சுட்டிக்காட்டியது ஒரே இடத்தைத்தான்: இரண்டு ஆண்கள் இரவு முழுவதும் பேசிக்கொண்டே இருக்கும் பகுதி.

கதை எளியது. 1996இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூரில் இருந்த பூர்வீக வீட்டை விட்டு வெளியேறிச் சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் மகன் அருள்மொழி. 22 ஆண்டுகள் கழித்து, ஒன்றுவிட்ட தங்கை புவனாவின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். பரிசைக் கொடுத்துவிட்டு இரவுப் பேருந்திலேயே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஆனால் மண்டபத்தில் ஒருவர் ‘அத்தான்’ என்று வாய் நிறைய அழைத்துக்கொண்டு வந்து ஒட்டிக்கொள்கிறார். பேருந்து தவறிப்போகிறது, அந்த உறவுக்காரரின் வீட்டிலேயே இரவு தங்க நேர்கிறது. தன்மேல் இவ்வளவு அன்பைக் கொட்டும் அந்த மனிதரின் பெயர் அருளுக்கு நினைவில் இல்லை. அரவிந்த் சாமி அருளாகவும் கார்த்தி அந்தப் பெயர் தெரியாத உறவுக்காரராகவும் நடித்திருக்கிறார்கள். எழுதி இயக்கியவர் பிரேம்குமார். ஓர் இரவின் பேச்சையே படமாக்கும் துணிவை 2018இல் வெளியான ‘96’ படத்திலேயே காட்டியவர்.

என் அலுவலக நண்பரின் குறை இதுதான்: இடைவேளைக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டாலும் கதை புரிகிறது, அந்த அளவுக்கு எல்லாம் வாய்ப்பேச்சாகவே நகர்கிறது, காட்சியாகக் காட்ட வேண்டியவற்றை வசனமாகச் சொல்லிவிடுகிறார்கள். இதை நான் ஒரேயடியாக மறுக்க மாட்டேன். பழைய போர்களையும் அண்மைக் காலப் போராட்டங்களையும் பற்றிப் பேச்சு திரும்பும் சில இடங்களில், பேசுவது அந்த ஊர்க்காரர்தானா, இயக்குநரா என்ற ஐயம் எனக்கும் வந்தது. ஆனால் அந்தப் பகுதிகள் சுருங்கிய வடிவத்தைப் பார்த்தபோதுதான் அவற்றின் தேவை எனக்குப் புரிந்தது. முழு வடிவத்தில் அந்த மனிதருக்கு அன்போடு கோபமும் இருந்தது. இறந்தவர்களுக்காகக் குரல் கம்மும் அளவுக்கு ஊரையும் மண்ணையும் வரலாற்றையும் தன் உறவாகவே எண்ணியிருந்தார். வளர்க்கும் காளையிடமும் அருளிடமும் பழைய சோழர்களிடமும் அவர் காட்டுவது ஒரே உரிமைதான். இவற்றைக் குறைத்தவுடன் எஞ்சி நிற்பவர் இனிமையான ஓர் உறவினர் மட்டுமே. ‘இவ்வளவு நல்லவர் உலகத்தில் உண்டா’ என்று கேட்பவர்களின் கேள்வி சுருங்கிய வடிவத்துக்கே அதிகம் பொருந்துகிறது என்பது என் கருத்து. வேகம் கூடியிருக்கலாம், ஆனால் ஆள் இளைத்துவிட்டார்.

நீளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதையே கிளம்ப நினைக்கும் ஒருவரைக் கிளம்பவிடாமல் இருக்கச் சொல்லும் கதை. டெல்டாப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். ‘ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்’ என்பார்கள். சாப்பிட்டு முடித்தால் ‘வெயில் தாழப் போகலாம்’ என்பார்கள். வெயில் தாழ்ந்தால் ‘காலையில் போகலாமே’ என்பார்கள். அருள் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது நாமும் பார்க்கிறோம். அவருக்குப் பொறுமை குறையும்போது நமக்கும் குறைகிறது. பிறகு எப்போது என்று தெரியாமல் அவரும் நாமும் கடிகாரத்தை மறந்துவிடுகிறோம். அந்த மாற்றம் நிகழ்வதற்கு நேரம் வேண்டும். முதல் காட்சியில் எனக்குப் பின் வரிசையில் இருந்த இளைஞர்கள் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தார்கள். சைக்கிளைப் பற்றிய பேச்சு வந்தபோது அவர்கள் பக்கம் வெளிச்சமே இல்லை.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. அருளின் குடும்பம் ஊரைவிட்டுப் போனபோது விட்டுச்சென்ற ஒரு பழைய சைக்கிள் இந்த உறவுக்காரரின் கைக்கு வருகிறது. அந்தக் குடும்பம் தலையெடுக்க அதுவே துணையாகிறது. இன்றும் அதைத் துடைத்துப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இழந்தவற்றை மட்டுமே கணக்கு வைத்திருந்த அருளுக்கு, தான் இழந்த ஒரு பொருள் இன்னொரு வீட்டில் விளக்கேற்றியது அன்றுதான் தெரிகிறது. அரவிந்த் சாமி இங்கே வசனத்தை நம்பவில்லை. உடைந்துபோகும் முகத்தை மறைக்க இடமில்லாமல் தவிக்கும் அந்தத் தவிப்பு, திருமண மேடையில் தங்கை பரிசைப் பிரித்து நகைகளை அங்கேயே அணிந்துகொள்ளும் காட்சியில் தொடங்கி, இங்கே நிறைவடைகிறது. மேடைக் காட்சியின்போது என் அருகில் இருந்த முதியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டவர், அந்தத் துண்டை மீண்டும் தோளில் போடவே இல்லை. கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தார்.

என் அக்காவின் கேள்வி வேறு. ‘உங்கள் பெயர் என்ன என்று கேட்டுவிட்டால் முடிந்தது, அதைக் கேட்காமல் ஒரு படத்தையே இழுப்பதா’ என்கிறார். அவருக்கு நான் சொன்ன பதில், சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் திருமணத்தில் எனக்கு நேர்ந்தது. வயதான ஓர் அம்மா என் மோவாயைப் பிடித்து, ‘என்னை யாருன்னு தெரியுதா?’ என்று கேட்டார். ‘தெரியாம என்னங்க அத்தை’ என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. முதல் நிமிடத்தில் கேட்டிருந்தால் அது மறதி. ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் அது அவமதிப்பு. ‘அத்தான்’ என்ற ஒரு சொல்லால் உறவு நிலைநாட்டப்பட்ட பிறகு பெயரைக் கேட்பது, அந்த உறவையே இல்லை என்று சொல்வதாகும். முறைப்பெயர் இருக்கும் இடத்தில் சொந்தப் பெயரைச் சொல்லாமலேயே ஆயுள் முழுவதும் பழகிவிடலாம் என்பது நம் வழக்கத்தில் உள்ள விந்தை. அதிலிருந்து ஒரு முழுப் படத்தைக் கண்டெடுத்தது பிரேம்குமாரின் திறமை. அக்கா இதை ஏற்கவில்லை.

ஆனால் அவர் சொன்ன இன்னொரு குறையை நான் முழுமையாக ஏற்கிறேன். பெண்களுக்கு இந்தப் படம் போதிய இடம் தரவில்லை. அந்த இரவில் கணவரும் விருந்தினரும் மனம்விட்டுப் பேச, ஸ்ரீ திவ்யா நடித்த நந்தினி பெரும்பாலும் உபசரிப்பதிலேயே நிற்கிறார். அருளின் மனைவியாக வரும் தேவதர்ஷினி தொலைவில் இருந்தபடியே கணவரின் மனத்தைச் சரியாகப் படிக்கிறார். அவருக்கு இன்னும் இரண்டு காட்சிகள் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். ஊரை இழந்த வலி ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. திருமணமாகிப் பிறந்த ஊரைவிட்டுச் செல்லும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது தெரியும் என்று அக்கா சொன்னபோது, எனக்கு மறுமொழி இல்லை.

கார்த்தியின் நடிப்பைப் பற்றியும் கருத்து இரண்டாகப் பிரிந்தது. ஓயாத பேச்சும் துள்ளலும் சிலருக்கு மிகையாகப் பட்டிருக்கின்றன. தொடக்கத்தில் எரிச்சலூட்ட வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட பாத்திரம் அது. அந்த எரிச்சலை அவர் தயங்காமல் வாங்கிக்கொள்கிறார். மாமாவாக வரும் ராஜ்கிரண் சில நிமிடங்களே வந்தாலும் மனத்தில் நிற்கிறார். மகேந்திரன் ஜெயராஜுவின் ஒளிப்பதிவு இரவை இருட்டாகக் காட்டாமல் வெதுவெதுப்பாகக் காட்டுகிறது. கோவிந்த் வசந்தாவின் இசையில் கமல்ஹாசன் பாடியிருக்கும் இரண்டு பாடல்களும் கதையோடு ஒட்டி வருகின்றன.

எங்களில் நீடாமங்கலம் பக்கத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் மட்டும் குறையே சொல்லவில்லை. வெண்ணாறு மூன்றாகப் பிரிந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஓடும் ஊர் அது. அந்த ஊரின் பெயரைத் திரையில் இவ்வளவு நேரம் கேட்டதே தனக்குப் போதும் என்றார். அவர் அன்பு படத்தின் மீதானதா, ஊரின் மீதானதா என்று பிரித்துப் பார்க்க முடியாது, பிரிக்கவும் தேவையில்லை.

இனி இந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பரபரப்பான திருப்பங்களை எதிர்பார்த்து உட்கார்ந்தால் சுருங்கிய வடிவமும் நீளமாகவே தோன்றும். சொந்த ஊரையோ வீட்டையோ விட்டு வந்தவர்கள் தவறவிடாமல் பார்க்க வேண்டும். முடிந்தால் பெற்றோரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். குறைக்கப்பட்ட 18 நிமிடங்களோடு முழுப் படமும் எங்கேனும் மீண்டும் திரையிடப்படுமானால் நான் மூன்றாம் முறையும் போவேன். அக்காவையும் அழைத்திருக்கிறேன், வருவதாக அவர் இன்னும் சொல்லவில்லை.