ஓப்பன் சோர்ஸ் ஸ்ட்ராட்டஜி கேமுக்குப் பின்னணி இசை: ஜிபிஎல்லா, பை-எஸ்ஏவா, சிசி0வா?

கார் பந்தய கேமில் ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஸ்ட்ராட்டஜி கேம் அப்படி விடாது. 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'தில் ஒரு களத்தை முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் சுலபமாகப் போய்விடும். 'ஓப்பன்டிடிடி'யில் ரயில் பாதை போட உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டு வேளையைக்கூட மறந்துவிடுவார்கள். கையில் மூன்று நிமிட ட்ராக் ஒன்றுதான் இருக்கிறது என்றால், மணிக்கு இருபது தடவை அதையே கேட்கவேண்டும். அதனால் இந்த வகை கேமுக்கு நல்ல இசை மட்டும் போதாது, நிறைய இசை வேண்டும். காசு புழங்காத தன்னார்வத் திட்டத்தில் நிறைய இசை சேர்ப்பது என்றால் பல பேர், பல வருடம், பல உரிமம். தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் தலைவலியை மூன்று கேம்கள் மூன்று விதமாகச் சமாளித்திருக்கின்றன. முதலில் ஓப்பன்டிடிடி. 1994ல் வந்த 'ட்ரான்ஸ்போர்ட் டைக்கூன்' விளையாட்டின் வழியில் 2004ல் கிளம்பிய திட்டம் இது. நிரல் திறந்தது என்றாலும் படமும் ஒலியும் பழைய கேமுடையவை. அசல் கேம் வைத்திருந்தால்தான் விளையாட முடியும். அவற்றுக்குக் கட்டற்ற மாற்றுகள் தயாரான பிறகு, 2010ல் வந்த 1.0 பதிப்பை அசல் இல்லாமலே ஓட்ட முடிந்தது. இசைக்கான மாற்றுத் தொகுப்பின் பெயர் ஓப்பன்எம்எஸ்எக்ஸ். எல்லாம் மிடி கோப்புகள், உரிமம் ஜிபிஎல் 2 (கட்டற்ற மென்பொருளுக்கான உரிமம்).

மிடியும் ஜிபிஎல்லும் அழகாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. திருத்தம் செய்ய எந்த வடிவம் வசதியோ அதுதான் மூலம், அதையும் சேர்த்துக் கொடு என்கிறது ஜிபிஎல். மிடி கோப்பு சமைத்த பதார்த்தம் இல்லை, சமையல் குறிப்பு. எந்த நொடியில் எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. கேமோடு வரும் கோப்பே மூலமும் ஆகிவிடுகிறது, வேறு எதையும் தேடவேண்டாம். அளவும் சில பத்து கிலோபைட்தான். குறை என்னவென்றால், குறிப்பு ஒன்றாக இருந்தாலும் ருசி கணினிக்குக் கணினி மாறும். ஒருவருடைய சவுண்ட்ஃபான்ட்டில் (மிடி குறிப்புக்கு வாத்திய ஒலி தரும் கோப்பு) பியானோவாகக் கேட்பது இன்னொருவர் வீட்டில் பொம்மை ஆர்கன் மாதிரி கேட்கும். பழைய கால வாசனையுள்ள கேமுக்கு அது பொருந்தும். போர்க்கள கேமுக்கு எடுபடாது.

வெஸ்நாத் வேறு பாதையில் போனது. 2003லிருந்து வளர்ந்துவரும் இந்த கேமில் ஆர்கெஸ்ட்ரா சாயலுள்ள ட்ராக்குகள் ஓஜிஜி (சுருக்கிய ஒலிக்கோப்பு) வடிவில் இருக்கின்றன. ஆரம்பத்திலிருந்து நிரல், படம், இசை எல்லாவற்றுக்கும் ஜிபிஎல் (2 அல்லது அதற்குப் பிந்தையது) என்றே வைத்திருந்தார்கள். பின்னால் படத்துக்கும் இசைக்கும் சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) பை-எஸ்ஏ 4.0 உரிமத்தையும் ஏற்கத் தொடங்கினார்கள். ஏன் என்று யோசித்தால், எல்லாம் 'மூலம்' என்ற அந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. நிறைய மிக்ஸ் செய்து ஏற்றுமதி செய்த ஓஜிஜி கோப்புக்கு மூலம் எது? ஸ்டுடியோ மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பா, வாத்தியவாரியாகப் பிரித்த தனித்தனி ஸ்டெம்களா, இல்லை அந்த ஓஜிஜியேதானா? ப்ராஜெக்ட் கோப்பு என்றால், அதற்குள் இருப்பது காசு கொடுத்து வாங்கிய வயலின் சாம்பிள்களாக (வாசித்துப் பதிவுசெய்த ஒலித் துண்டுகள்) இருக்கும். அவற்றைக் கொண்டு இசையமைத்து வெளியிடலாம். சாம்பிள்களையே எடுத்து ஊருக்குக் கொடுக்க அநேகமாக எந்த நிறுவனமும் விடுவதில்லை. அப்படியென்றால் ஜிபிஎல் கேட்பதைக் கொடுக்கவே முடியாது. எல்லாருக்கும் இது தெரியும், யாரும் வழக்குப் போடவில்லை, வண்டி ஓடுகிறது. புதிதாகத் தொடங்குபவர் இந்தக் குழப்பத்தைத் தெரிந்தே வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

சாம்பிள் பற்றி இன்னொரு விஷயம். வெஸ்நாத்துக்கு இசையமைத்தவர்களில் ஒருவரான மத்தியாஸ் வெஸ்ட்லுண்ட், சொனாட்டினா சிம்ஃபோனிக் ஆர்கெஸ்ட்ரா என்ற இலவச சாம்பிள் தொகுப்பையும் வெளியிட்டவர். அதன் உரிமம் 'சாம்பிளிங் ப்ளஸ்'. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே 2011ல் ஓய்வுகொடுத்துவிட்ட உரிமம் அது. இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன் என்ற சாம்பிள் தொகுப்பு என் முதல் பரிந்துரை. முழுக்க சிசி0 (உரிமையைப் பொதுவுக்கு விட்டுவிடுவது) என்பதால் ப்ராஜெக்ட் கோப்பு, சாம்பிள், மிக்ஸ் எல்லாவற்றையும் அப்படியே கேமின் நிரல் களஞ்சியத்தில் போட்டுவிடலாம். ஒலித்தரம் விலையுயர்ந்த தொகுப்புகளுக்கு ஈடாகாதுதான். ஆனால் பத்து வருடம் கழித்து இன்னொருவர் திறந்து திருத்தலாம்.

'0 ஏ.டி.' மூன்றாவது வழி. பண்டைய நாகரிகங்கள் மோதும் இந்த கேமில் நிரல் ஜிபிஎல், படமும் இசையும் சிசி பை-எஸ்ஏ 3.0. உண்மையான கலைஞர்கள் வாசித்துப் பதிவான பகுதிகளும் இதில் உண்டு. அப்படிப்பட்ட ஒலிப்பதிவுக்கு 'மூல நிரல்' என்று எதைச் சொல்வது? பை-எஸ்ஏ அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. பெயரைப் போடு, மாற்றினால் அதே உரிமத்தில் திருப்பிக் கொடு, அவ்வளவுதான். அமைதிக்கு ஒரு ட்ராக், சண்டை சூடு பிடித்தால் வேறொரு ட்ராக் என்று கேமே மாற்றிக்கொள்வதால் இசை சீக்கிரம் சலிப்பதில்லை.

பை-எஸ்ஏவில் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. நகரும் படத்தோடு நேரம் பொருத்தி இசையைச் சேர்த்தால் அது தழுவல் படைப்பு என்று உரிமமே சொல்கிறது. கதைக் காட்சிக்குக் கச்சிதமாக ஒட்டிய இசை என்றால் அந்தக் காணொளியும் பை-எஸ்ஏ ஆகவேண்டியிருக்கும். பின்னால் தன்பாட்டுக்கு ஓடும் லூப் இந்த வரையறைக்குள் வராது என்பது என் வாசிப்பு. ஓப்பன் சோர்ஸ் கேமுக்கு இதனால் பெரிய நஷ்டமும் இல்லை. புதிதாக எடுப்பவர் 3.0 வேண்டாம், 4.0 எடுங்கள். 2015லிருந்து பை-எஸ்ஏ 4.0 படைப்பின் தழுவலை ஜிபிஎல் 3க்குள் கொண்டுபோகலாம் (திரும்பி வர வழியில்லை). தவறுதலாக உரிமத்தை மீறியவர், தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை தானாகத் திரும்பும் ஏற்பாடும் 4.0ல்தான் வந்தது.

சரி, எழுத ஆளே இல்லை, எங்கிருந்தாவது எடுத்துப் போடலாம் என்றால் சிசி பை (பெயரைப் போட்டால் போதும்), சிசி0 இரண்டும் இருக்கின்றன. இசையமைப்பாளர் கெவின் மெக்லியோடின் இன்காம்பெடெக் தளத்தில் சிசி பை 4.0 உரிமத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது. சட்டச் சிக்கல் குறைவு. ஆனால் அதே ட்யூனை வீரர் ஏற்கெனவே நூறு யூடியூப் காணொளிகளில் கேட்டிருப்பார். உங்கள் கோட்டை முற்றுகையின்போது அது ஒலித்தால் அவருக்கு ஏதோ சமையல் வீடியோ ஞாபகம் வரும். மெனுவுக்கும் இடைவெளிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம், கேமின் முகமாக வேண்டாம்.

பாக், பீத்தோவன் இசைக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டதே என்று பலர் ஏதோ ஒரு சிடியிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். இசைக்குறிப்புக்குத்தான் முடிந்தது, அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. பதிவையே பொதுவுக்கு விட்டதாகத் தேடவேண்டும். 2012ல் பியானோ கலைஞர் கிமிகோ இஷிசாகா வாசித்த பாக் இசை, ஓப்பன் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், அப்படி சிசி0வில் வந்ததுதான்.

'ராயல்டி ஃப்ரீ' என்று விற்கும் ஸ்டாக் இசை இங்கே உதவாது. ராயல்டி இல்லை என்றால் யாரும் எடுத்துப் பகிரலாம் என்று பொருளில்லை. களஞ்சியத்தில் ஓஜிஜி கோப்பைத் தனியாக இறக்கிக்கொள்ள முடியும் என்பதே வழக்கமாக அந்த ஒப்பந்தங்களுக்கு எதிரானது. என்சி உரிமமும் வேண்டாம். வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருந்தால் டெபியன் லினக்ஸின் முதன்மைத் தொகுப்பில் இடமில்லை, ஃபெடோராவிலும் அப்படியே.

காசு கொடுத்து எழுதி வாங்குவது இன்னொரு வழி. இந்தியாவில் இருக்கும் இசையமைப்பாளரோடு ஒப்பந்தம் போடுபவர்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. காலம் எழுதப்படாத உரிமை மாற்றம் ஐந்து வருடம்தான், இடம் எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் 'சரி, யூஸ் பண்ணிக்கோங்க' என்று வந்த பதிலை நம்பி உலகம் முழுக்க கேமை வெளியிடுவது ஆபத்து. பை-எஸ்ஏ 4.0ல் உலகம் முழுவதும், பதிப்புரிமை இருக்கும் காலம் வரை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதன் கீழ் வெளியிடுவதாக ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினால் இந்த ஓட்டை அடைபடும். உரிமை இசையமைப்பாளரிடமே இருப்பதால் அதே ட்ராக்கை அவர் வேறொருவருக்குத் தனியாக விற்கவும் செய்யலாம். இதைச் சொன்னவுடன் தயங்கியவர்கள் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

செய்முறையில் இரண்டு குறிப்புகள். எம்பி3 ஆக்கும்போது தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். லூப் சேருமிடத்தில் ஒரு தடுக்கல் கேட்கும். ஓஜிஜியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எதிரொலியின் வால் லூப்பின் முடிவில் வெட்டுப்பட்டால் ஓஜிஜியிலும் காது கண்டுபிடித்துவிடும். அதனால் ட்ராக்கை அடுத்தடுத்து இரண்டு தடவை ஓடவிட்டு, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் எதிரொலி அதன் தொடக்கத்தில் ஏற்கெனவே கலந்திருக்கும். அப்புறம், மௌனத்தையும் இசையமைப்பின் பகுதியாக வையுங்கள். வெஸ்நாத் களக் கோப்பில் ஒவ்வொரு ட்ராக்குக்கு முன்னும் பின்னும் எத்தனை மில்லிநொடி அமைதி என்று குறிப்பிடலாம். ஐந்து ட்ராக் மட்டும் உள்ள திட்டத்துக்கு அந்த இடைவெளி ஆறாவது ட்ராக் மாதிரி உழைக்கும்.

என் தேர்வு: கேமின் முகமான இசைக்கு பை-எஸ்ஏ 4.0, ஸ்டெம்களோடு, இட்டு நிரப்ப சிசி0, மிடி என்றால் மட்டும் ஜிபிஎல். எதை எடுத்தாலும் முதல் ட்ராக் உள்ளே வரும் அன்றே பட்டியல் எழுதத் தொடங்குங்கள். கோப்பு, ஆக்கியவர், உரிமம், பயன்படுத்திய சாம்பிள்கள் என்று நான்கு நெடுவரிசை போதும். வெஸ்நாத் ஒவ்வொரு படத்துக்கும் ஒலிக்கும் இப்படி ஒரு சிஎஸ்வி கோப்பு வைத்திருக்கிறது. 'வார்சோன் 2100' கேமின் நிரல் 2004ல் ஜிபிஎல்லில் வெளியானபோது, காணொளிக்கும் இசைக்கும் அது பொருந்துமா என்பதில் தெளிவில்லை. தெளிவாக 2008 ஆனது.