தொண்ணூறு டிகிரியில் நிற்காத ஜிக்சா

காட்பாடியிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, உங்ககிட்ட இருக்கிற அதே ஜிக்சா எழுநூறு ரூபா குறைஞ்சிருக்கு, வாங்கிடட்டுமா?" பதில் சொல்ல ஆரம்பித்ததுமே குரல் ஏறிவிட்டது. ஜிக்சா என்றால் ப்ளேடு மேலும் கீழும் ஓடி மரம் அறுக்கிற கை மெஷின். சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

வாட், வேகமெல்லாம் பெட்டி மேலேயே போட்டிருக்கிறது. அதிலெல்லாம் எனக்குக் குறையே இல்லை. என் உயிரை எடுப்பது அடித்தகடு, அதாவது மெஷின் பலகைமேல் உட்கார்கிற தகடு. சரிவாக அறுக்க வேண்டுமென்றால் அதை 45 டிகிரி வரை சாய்த்துக்கொள்ளலாம். சாய்வதற்கு வழி விட வேண்டுமே, அதனால் கீழே ஒரு அலன் ஸ்க்ரூ (தலையில் அறுகோணக் குழி உள்ளது) போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மெஷின் அதிர அதிர அது தளர்கிறது. நமக்கோ ஒன்றும் தெரியாது. மேலே பார்த்தால் ப்ளேடு பென்சில் கோட்டை விட்டு நகராமல் போய்க்கொண்டிருக்கும். அறுத்து முடித்துப் பலகையைத் திருப்பினால் அடிப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே ஓடியிருக்கும். ஒரு பலகையென்றால் இழைப்புளி போட்டுச் சரிசெய்யலாம். ஷெல்ஃபுக்கு நாலு பக்கமும் அப்படி அறுத்து மூட்டினால், ஸ்டாண்டு போட்ட சைக்கிள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு தடவையும் மூலமட்டத்தை (தொண்ணூறு டிகிரி பார்க்கிற கருவி) தகட்டுக்கும் ப்ளேடுக்கும் நடுவில் வைத்துப் பார், இறுக்கு, அறு, மறுபடி பார். இறுக்குவதற்கான அலன் சாவியை மெஷினின் பின்பக்கமே செருகி வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். அதுவும் அதிர்ந்து கீழே விழும். மரத்தூளைக் கிளறித் தேட வேண்டும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கோணலுக்கும் தகடு மட்டுமே காரணமில்லை. முதலில் மெல்லிய ரீப்பர் துண்டு ஒன்றை அறுத்துப் பாருங்கள். அதிலேயே கோணல் வந்தால் தகடுதான். மெல்லியதில் நேராகவும், தடித்த மரத்தில் கோணலாகவும் வந்தால் ப்ளேடு வளைகிறது என்று அர்த்தம். அப்போது ப்ளேடை முன்னும் பின்னும் ஆட வைக்கிற பெண்டுலம் திருகை 0-க்குக் கொண்டுவந்து, தள்ளாமல் மெஷின் போகிற போக்கில் விட வேண்டும். சுத்தமான வெட்டுக்கு டி101பி ப்ளேடு, வேகத்துக்கு டி144டி ப்ளேடு. இரண்டிலும் பல் மேல்நோக்கித்தான் வெட்டும், சிலும்பு மேல்பக்கம் வரும். அதனால் பலகையின் நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுக்கணும்.

இவ்வளவு திட்டினாலும் எங்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு, பெண்ணின் படிப்பு மேசை, சமையலறையின் மசாலாத் தட்டு, எல்லாம் இந்த மெஷின் அறுத்ததுதான். மரத்துக்குப் பெரிய செலவில்லை. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பழைய சாமான் கடைகளில் பைன் மரப் பேலட் (சரக்கு அடுக்குகிற பலகைத் தட்டு) கிடைக்கும். (2019-லேயே வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகப் போய்விட்டது, ஆனாலும் எங்களுக்கு மரம் அங்கிருந்துதான்.) பக்கவாட்டில் முத்திரை பார்த்து எடுக்கணும். எச்டி (HT) என்றிருந்தால் பூச்சி சாகச் சூடேற்றியது, மரத்தின் உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம். எம்பி (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்கிற விஷப் புகை போட்டது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எச்டி மரத்தையும் கரையான் விடாது. தரையில் படுகிற கால்களுக்கு அடியில் ரப்பர் புஷ் போட்டேன்.

பேலட் ஆணியைப் பிடுங்கப் போய்ப் பலகையைப் பிளந்துகொள்ள வேண்டாம். இரும்பு அறுக்கும் ப்ளேடை மாட்டி, பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு ஆணியையே அறுத்துவிடலாம். இந்த வேலையில் ஜிக்சா ராஜா. வளைவு வெட்டும்போதும் அப்படித்தான். ஷெல்ஃப் தாங்கிகளுக்கு மாங்காய் வடிவம் வெட்டினேன், பார்த்த ஆசாரியே "யார் செஞ்சது?" என்று கேட்டார்.

போன மாதம் மோட்டாரில் பொறி பறந்தது. மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. ரிப்பேர் கடையில் மாற்றும்போதே அடித்தகட்டுப் புலம்பலையும் கொட்டினேன். அவர் எதுவும் பேசாமல் அலன் ஸ்க்ரூவுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங் வாஷர் போட்டுக் கொடுத்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை. இப்போது முன்னைவிட நெடுநேரம் தாங்குகிறது. சந்தோஷப்படுவதா, சில்லறைக் காசு வாஷரைப் பேக்டரியிலேயே போடாதவர்களை நினைத்து எரிச்சல்படுவதா?

வாங்காதே என்றுதான் அவனிடம் சொன்னேன். இன்னும் ஆயிரம் ரூபாய் சேர்த்து, லீவரால் பூட்டுகிற, அலுமினிய வார்ப்பில் அடித்தகடு வைத்த மாடலாகப் பார் என்றேன். "அப்போ நீங்க அதை வாங்கிக்கோங்க சித்தப்பா, பழசை எனக்குக் கொடுத்திடுங்க" என்கிறான். அது மட்டும் நடக்காது என்றுவிட்டேன். சமையலறைக்கு இன்னும் ஒரு தட்டு பாக்கி இருக்கிறது, அதற்கும் மாங்காய்த் தாங்கிதான் வேண்டுமாம்.