ஸ்விட்ச் 2 வாங்குவதா, ஸ்டீம் டெக் வாங்குவதா?

நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான ஸ்விட்ச் 2 வெளியான வாரம் கேம் ஆடுகிறவர்களிடம் வேறு பேச்சே இல்லை. 2025 ஜூன் 5-இல் விற்பனைக்கு வந்து, முதல் நான்கு நாளில் உலகம் முழுக்க 35 லட்சம் விற்றது. நின்டெண்டோவின் எந்தக் கன்சோலும் அதற்கு முன் இந்த வேகத்தில் போனதில்லை. ஜப்பானில் அந்த நிறுவனத்தின் இணையக் கடை, யாருக்கு விற்பது என்று முடிவுசெய்ய நடத்திய குலுக்கலுக்கு மட்டும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதுவும் சும்மா இல்லை: பழைய ஸ்விட்சில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டும், ஆன்லைன் சந்தா மொத்தமாக ஓராண்டாவது கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தும் இத்தனை பேர்.

இந்தப் பரபரப்பில் எனக்கும் பங்கு உண்டு. பழைய ஸ்விட்ச் வந்தது 2017 மார்ச்சில். எட்டு வருடக் காத்திருப்பு. ஆனால் அன்றைக்கு இல்லாத ஒரு போட்டி இன்றைக்கு இருக்கிறது. ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், அந்தக் கேம்களைக் கையில் வைத்து ஆடும் ஸ்டீம் டெக்கை 2022-இல் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் அதன் ஓலெட் மாடல் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) வந்தது. அமெரிக்காவில் ஸ்விட்ச் 2 வெளியீட்டு விலை 449.99 டாலர். ஓலெட் டெக் வந்தபோது 512 ஜிபி மாடல் 549 டாலர். நூறு டாலர்தான் வித்தியாசம் என்னும்போது, எதை வாங்குவது என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

முதலில் திரை. காகிதத்தில் ஸ்விட்ச் 2 ஜெயிக்கிறது: 7.9 அங்குலம், 1080பி, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை படம் மாறும்). ஓலெட் டெக் 7.4 அங்குலம், 1280க்கு 800, 90 ஹெர்ட்ஸ். ஆனால் ஸ்விட்ச் 2-இல் இருப்பது பின்னால் விளக்கெரியும் எல்சிடி. குகைக்குள் போகும் காட்சியோ ராத்திரிக் காட்சியோ வந்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வேகமாக நகரும் படத்தில் லேசான இழுவையும் தெரியும். டெக்கில் கறுப்பு என்றால் கறுப்புதான். 2021-இல் வந்த ஸ்விட்ச் ஓலெட் மாடலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே உறுத்தும். திரையில் என் ஓட்டு டெக்குக்கு.

எடை நேர்மாறு. இரு பக்கமும் மாட்டும் கன்ட்ரோலர்களான ஜாய்-கான்களோடு சேர்த்து ஸ்விட்ச் 2 சுமார் 534 கிராம், டெக் 640 கிராம். உட்கார்ந்து விளையாடினால் ஒன்றும் தெரியாது. படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்தால் அந்த நூறு கிராம் மணிக்கட்டில் உட்காரும்.

பேட்டரி பற்றி நின்டெண்டோ சொல்வது 2 முதல் 6.5 மணி நேரம். வால்வ் சொல்வது 3 முதல் 12. பெரிய கேம்களில் இரண்டுமே சீக்கிரம் சார்ஜரைத் தேடவைக்கும். டெக்கில் எனக்குப் பிடித்தது அதை நம் கையிலேயே விட்டிருப்பது. வலது டிராக்பேடுக்குக் கீழே மூன்று புள்ளி போட்ட பட்டன் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் பக்கவாட்டில் ஒரு பட்டியல் விரியும். ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, 45-இல் நிறுத்தலாம், சிப் எத்தனை வாட் இழுக்கலாம் என்று வரம்பு போடலாம். ஸ்டார்டியூ வேலி மாதிரி லேசான ஒரு கேமுக்கு வாட்டைக் குறைத்துவிட்டால் மீதி நேரக் கணக்கு கண்ணெதிரே ஏறும். ஸ்விட்ச் 2-இல் அப்படி எதுவும் செய்ய முடியாது. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை, ஒவ்வொரு கேமையும் அந்த ஒரே கருவிக்கென்று சரிபார்த்துத்தான் அனுப்புகிறார்கள். சைபர்பங்க் 2077 என்ற கனமான கேமை இரண்டிலும் பார்த்தால் இது புரியும். சிறிய படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கிக் கூர்மையாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இருப்பதால் ஸ்விட்ச் 2-இல் படம் தெளிவாக நிற்கிறது. டெக்கில் ஓடும், ஆனால் செட்டிங்கைத் தட்டிக்கொட்டி வைக்க வேண்டியிருக்கும்.

ஜாய்-கான் 2-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழையதில் தண்டவாளம் மாதிரி மேலிருந்து கீழே சறுக்கி மாட்டுவோம். இப்போது காந்தம். பக்கத்தில் கொண்டுபோனாலே டக்கென்று ஒட்டிக்கொள்கிறது; எடுக்கப் பின்னாலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். பக்கவாட்டில் மேசைமேல் நிறுத்தி நகர்த்தினால் மவுஸாகவும் வேலை செய்யும். முக்கியமான விஷயம், பெட்டியைப் பிரித்த உடனேயே இரண்டு பேர் விளையாடலாம். ஆளுக்கு ஒரு ஜாய்-கான், டிவியோடு இணைக்கும் டாக்கில் செருகினால் டிவியில் ஆடலாம். அக்கா தம்பி இருக்கிற வீட்டுக்கு இது பெரிய விஷயம். டெக்கில் இரண்டாவது ஆளுக்குத் தனிக் கன்ட்ரோலர் வாங்க வேண்டும், டாக்கும் தனியாகத்தான். குறையும் ஒன்று: புதிய ஸ்டிக்குகள், காந்தத்தால் அசைவை உணர்வதால் தேயாத ஹால் எஃபெக்ட் வகை இல்லை என்று நின்டெண்டோவே சொல்லிவிட்டது. பழைய ஜாய்-கான்கள் தானாக நகர்ந்து படுத்திய பாட்டை அனுபவித்தவர்களுக்கு இந்தக் கவலை நியாயமானது. டெக்கின் ஸ்டிக்கும் சாதா ஸ்டிக்தான், ஆனால் பழுதுபார்ப்புக்குப் பொருள் விற்கும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் அதற்கு உதிரி பாகம் விற்கிறது. பின்மூடியைத் திருகு கழற்றித் திறக்கலாம்.

அப்புறம் கேம்கள். இறுதியில் முடிவு இங்கேதான் ஆகும். மாரியோ கார்ட் வேர்ல்டும் டாங்கி காங் பனான்சாவும் வேண்டுமென்றால் ஸ்விட்ச் 2-ஐத் தவிர வழியில்லை, அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் மாரியோ கார்ட் வேர்ல்டு வெளியானபோது 79.99 டாலர், நின்டெண்டோ தன் கேம்களின் விலையை லேசில் இறக்காது. ஸ்டீமில் கோடைத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி என்று வருடத்துக்குப் பலமுறை பாதி விலைக்கும் கீழே போகும். ஏற்கெனவே கம்ப்யூட்டருக்காக வாங்கி வைத்தவை டெக்கில் கூடுதல் காசில்லாமல் வரும். வீட்டில் நிறுத்திய இடத்திலிருந்து ரயிலில் தொடரலாம். ஃபோர்ட்நைட், வாலரன்ட் மாதிரி ஆன்லைன் கேம்கள் மட்டும் டெக்கின் லினக்ஸில் ஓடாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. இரண்டு நிறுவனங்களுமே இங்கே நேரடியாக விற்பதில்லை. இறக்குமதியாளரிடம் கூடுதல் விலை கொடுத்து, வாரண்டி இல்லாமல்தான் வாங்க வேண்டும். ஆனால் ஸ்டீமில் கேம்களுக்கு ரூபாயிலேயே விலை உண்டு. நின்டெண்டோ கடைக்கு வேறொரு நாட்டின் கணக்கு திறந்து அந்த நாட்டு விலைதான் கொடுக்க வேண்டும்.

2025 அக்டோபரில் வந்த, விண்டோஸில் ஓடும் கையடக்கக் கருவியான எக்ஸ்பாக்ஸ் அலையையும் (Xbox Ally) கேட்பார்கள். வெளியானபோது சாதா மாடல் 599.99 டாலர், எக்ஸ் மாடல் 999.99. விண்டோஸ் என்பதால் ஃபோர்ட்நைட் ஓடும், மைக்ரோசாஃப்டின் சந்தாச் சேவையான கேம் பாஸும் ஓடும். ஆனால் ஸ்விட்சிலும் டெக்கிலும் சண்டைக்கு நடுவே பவர் பட்டனை அழுத்திப் பைக்குள் போட்டு, சாயங்காலம் எடுத்து அதே நொடியிலிருந்து தொடரலாம். விண்டோஸில் அந்த நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை.

தனியாக விளையாடுகிறவர், ஸ்டீமில் நாலு கேமாவது வைத்திருக்கிறவர் என்றால் டெக்கை வாங்குங்கள் என்பேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஸ்விட்ச் 2. வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். இதில் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு மட்டுமே கேம் ஏற்றப் பயன்படும், பழைய கார்டில் ஏற்ற முடியாது. கேம் பெட்டியின் முன்பக்கத்தில் கேம்-கீ கார்டு என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது சாவி மட்டும்தான். கேம் முழுவதையும் டவுன்லோடு செய்ய வேண்டும், ஆடும்போதெல்லாம் கார்டையும் செருகியே வைத்திருக்க வேண்டும். ஸ்விட்ச் 2-க்குள் இருக்கும் சேமிப்பிடமே 256 ஜிபிதான்.