கவனக்குறைவுக்கு "இயற்கை" மாற்றுகள்: மட்டக்களப்புப் பாமசிகளில் வாங்கிப் பார்த்தவை

மட்டக்களப்பு நகரிலுள்ள பாமசிகளில் "ஞாபகசக்திக்கு", "கவனத்துக்கு" என்று எழுதப்பட்ட போத்தல்களுக்கு இப்போது தனித் தட்டு உண்டு; ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் அவை முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஏ.டி.எச்.டி. எனப்படும் அவதானக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு தன் பிள்ளைக்கு இருப்பதாக வைத்தியர் உறுதிசெய்த பெற்றோர் கேட்டாலும், மருந்துக்குப் பதிலான வழி என்று இதே போத்தல்கள்தான் நீட்டப்படுகின்றன. அப்படியொரு பிள்ளையின் தாயாக, அவனைப் பார்க்கும் வைத்தியரிடம் சொல்லிவிட்டு, மீனெண்ணெய், வல்லாரையும் நீர்ப்பிரமியும் சேர்ந்த குளிசை, இரும்பும் நாகமும் (சிங்க்) கலந்த பாணி ஆகியவற்றை வாங்கினேன். சிலவற்றை மகனுக்குக் கொடுத்தேன். சிலவற்றை லேபிளை வாசித்த பிறகு கொடுக்காமல் விட்டேன். இவற்றில் எதுவும் இக்குறைபாட்டுக்கு வைத்தியர்கள் எழுதும் மெதைல்பெனிடேற் மருந்தின் இடத்தை நிரப்பாது என்பதும், ஒன்றிரண்டு மட்டும், இரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்த பிள்ளைக்கு, உண்மையாகவே உதவும் என்பதும் என் முடிவு.

இந்தத் தட்டில் ஆராய்ச்சியின் ஆதரவைச் சற்றேனும் பெற்ற பொருட்களில் முக்கியமானது மீனெண்ணெய் என்பதால் அதைப் பற்றிக் கூடுதலாக எழுதுகிறேன். போத்தலின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் 1,000 மி.கி. என்பது ஒரு குளிசையிலுள்ள எண்ணெயின் முழு எடை. ஆய்வுகளில் அளந்து பார்க்கப்பட்டவை ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரு ஒமேகா 3 கொழுப்பமிலங்கள். அவற்றின் அளவு பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், சாதாரணக் குளிசையில் முதலாவது 180 மி.கி., இரண்டாவது 120 மி.கி. பத்து ஆய்வுகளில் பங்குபற்றிய 699 பிள்ளைகளின் தரவுகளைச் சேர்த்து 2011இல் வெளியான பகுப்பாய்வொன்று, மீனெண்ணெய் போன்ற ஒமேகா 3 துணையுணவுகளால் சிறிய நன்மை இருப்பதாகவும், ஈ.பி.ஏ. கூடியபோது அந்த நன்மையும் கூடியதாகவும் கண்டது. மருந்தில்லாத போலிக் குளிசையோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் கணக்கிடும் அளவுகோலில் (0 என்றால் பயனே இல்லை) அந்த நன்மையின் அளவு 0.31. மருந்துகளைப் பற்றிய 133 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் லான்செற் சைக்கியாற்றி இதழில் வந்த பகுப்பாய்வில், பிள்ளைகளில் மெதைல்பெனிடேற்றுக்குக் கிடைத்த அளவு 0.78. இரண்டும் வெவ்வேறு ஆய்வுத் தொகுதிகள் என்றாலும், மீனெண்ணெய் மருந்தின் பாதியைக்கூட எட்டவில்லை என்பது தெளிவு. 37 ஆய்வுகளை உள்ளடக்கி 2023இல் புதுப்பிக்கப்பட்ட, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு இன்னும் கடுமையானது: கவனக்குறைவிலும் மிகை இயக்கத்திலும், பெற்றோரின் மதிப்பீட்டின்படி, ஒமேகா 3 போன்ற கொழுப்பமிலங்களை எடுத்த பிள்ளைகளுக்கும் போலிக் குளிசை எடுத்த பிள்ளைகளுக்கும் வேறுபாடு இல்லை என்று அது சொல்கிறது. சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரித்தானிய நிறுவனமான நைஸின் வழிகாட்டல் இவற்றை இக்குறைபாட்டுக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவே வேண்டாம் என்கிறது.

மருந்தை நிறுத்தாமல், அதனோடு சேர்த்து மகனுக்கு மீனெண்ணெய் கொடுத்து வந்தேன். வகுப்பாசிரியர் எழுதியனுப்பும் குறிப்புகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை. கெடுதியும் இல்லை, வெறும் வயிற்றில் கொடுத்தால் மீன் மணத்தோடு ஏப்பம் வந்தது, இரவுச் சாப்பாட்டோடு கொடுத்தபோது அது நின்றது. வாங்க நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 500 மி.கி. அளவில் ஈ.பி.ஏ. சேர வேண்டுமென்றால் சாதாரணக் குளிசையில் மூன்று விழுங்க வேண்டும். அப்படியானால் 60 குளிசைப் போத்தல் 20 நாளில் முடிந்துவிடும், "இரண்டு மாதத்துக்குப் போதும்" என்று கடையில் சொல்லப்படுவது பாதி தூரமும் வராது. அளவைக் கூட்டுவதற்காக மீன் ஈரல் எண்ணெயை வாங்கிவிடவும் கூடாது. அதில் விற்றமின் ஏ நிறைய உண்டு, பல குளிசைகளாகக் கொடுத்தால் அது உடலில் தேங்கி நஞ்சாகும். குளிசையின் மேலுறை எதனால் ஆனது என்பதையும் எங்கள் பகுதியில் கேட்டே ஆக வேண்டும். பெரும்பாலான உறைகள் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலற்றினால் ஆனவை என்பதால், காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஹலால் சான்றைப் பார்க்கிறார்கள். மாட்டிறைச்சி உண்ணாத சைவக் குடும்பங்களுக்கும் இதே கேள்வி உண்டு. மீன் ஜெலற்றினில் செய்தவையும் விற்பனைக்கு வருகின்றன, லேபிளில் அது எழுதப்பட்டிருக்கும். வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருந்த போத்தலை நான் எடுக்கவில்லை, ஏனெனில் வெப்பமும் வெளிச்சமும் பட்டால் மீனெண்ணெய் காறிவிடும்.

எண்ணெயின் தரத்தைச் சோதிப்பதற்குச் செலவிடும் அக்கறையைச் சந்தையிலுள்ள மீன் மீது காட்டினால் பலன் கூடுதல் என்பது என் எண்ணம். நூறு கிராம் சாளையில் இந்த இரு கொழுப்பமிலங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும், அது மேற்சொன்ன சாதாரணக் குளிசைகள் மூன்றிலுள்ளதைவிடச் சற்றுக் கூடுதல். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்தும் எங்கள் கடற்கரைகளிலிருந்தும் வரும் சாளையும் சூடையும் கும்பளாவும், புரதத்தையும் சேர்த்துத் தருகின்றன. மீன் பிள்ளையின் அவதானக்குறைவைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. வளரும் பிள்ளைக்கு அது எப்படியும் தேவையான உணவு.

வல்லாரை எங்கள் வீடுகளுக்குப் புதிதல்ல. சம்பலாகவும் இலைக்கஞ்சியாகவும் வாரத்தில் ஒரு தடவையாவது தட்டுக்கு வருவது, அந்த அளவில் எந்தக் குறையும் சொல்ல முடியாதது. குளிசை வேறு விடயம். நான் வாங்கிய போத்தலில் "வல்லாரை, நீர்ப்பிரமி மற்றும் மூலிகைகள்" என்று மட்டும் இருந்தது, எந்த மூலிகை எத்தனை மி.கி. என்று இல்லை; அளவு எழுதாத பொருளைப் பிள்ளையின் வாயில் போட எனக்கு மனம் வரவில்லை. அளவு எழுதியிருந்தாலும் நம்பிக்கைக்கு இடம் குறைவு. அவதானக்குறைவும் மிகை இயக்கமும் கூடுதலாகத் தெரிந்த 112 சிறுவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் 14 வாரம் நீர்ப்பிரமிச் சாற்றைக் கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியான ஆய்வில், முதன்மையாக அளக்கப்பட்ட நடத்தையில் போலி மருந்தைவிட மேலான மாற்றம் காணப்படவில்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது உலோகக் கலப்பு. தெற்காசியாவில் தயாராகி அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதிக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதப் பொருட்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டபோது, அவற்றில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோவொன்று இருந்தது. பிள்ளையின் கவனத்தையும் கற்கும் திறனையும் கெடுப்பதற்கு ஈயத்தைவிட வேறொன்று தேவையில்லை. தலைமுறையாகத் தமிழ் வைத்தியம் செய்யும் பரிகாரிகள் மீது எனக்கு மதிப்புண்டு, அவர்கள் ஆளைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள். என் குறை, எவரையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே போத்தலை விற்பது பற்றியது.

இரும்பின் கதை வேறு. பிரான்சில் நடந்து 2004இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், இக்குறைபாடுள்ள 53 பிள்ளைகளில் 84 வீதமானோருக்குப் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் குறைவாக இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த ஏனைய பிள்ளைகளில் அது 18 வீதம் மட்டுமே. சிறிய ஆய்வு என்பதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று கொள்ள முடியாது. என்றாலும், மகனுக்குப் பெரிற்றின் பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேட்டேன், எடுத்தோம், குறைவாகத்தான் இருந்தது. அவர் எழுதிக் கொடுத்த அளவில் இரும்பு கொடுத்த பிறகு பகல் சோர்வு குறைந்ததையும் இரவில் கால்களை உதறிக்கொண்டு படுக்கும் பழக்கம் தணிந்ததையும் கண்டேன். வகுப்பில் கவனம் அதனால் கூடியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பரிசோதனை இல்லாமல் கடையில் இரும்புப் பாணி வாங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்: பரம்பரைக் குருதி நோயான தலசீமியா உள்ள நாடு நம்முடையது, குருதியின் ஹீமோகுளோபின் குறைவதெல்லாம் இரும்புக் குறைவால் அல்ல, அளவுக்கு மீறிய இரும்பு பிள்ளைகளுக்கு உயிராபத்தாகவும் முடியும். காய்ச்சல் நேரத்தில் பெரிற்றின் உயர்ந்து காட்டும் என்பதால் சுகமான நாளில் குருதி கொடுப்பது நல்லது.

நாகத்தைப் பொறுத்தவரை துருக்கியிலும் ஈரானிலும் நடந்து 2004இல் வெளியான ஆய்வுகள் நன்மை கண்டன, அமெரிக்காவில் 2011இல் வெளியான ஆய்வு காணவில்லை. உணவில் நாகம் குறைந்த பிள்ளைக்கே அது உதவும் என்று விளங்கிக்கொள்கிறேன். நான் வாங்கிய பாணி பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது, லேபிளில் இ110 என்ற செயற்கை நிறமியும் இருந்தது. 2007இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ரன் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வின் பின், இ110 உட்பட ஆறு நிறமிகளில் ஏதேனும் ஒன்று சேர்ந்த உணவுகளில் பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியுள்ளது. கவனத்துக்கென்று விற்கும் பாணியில் அந்த நிறமி இருக்க வேண்டிய அவசியம் என்ன? ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாற்றுக் குளிசையை நான் தொடவேயில்லை. மெதைல்பெனிடேற்றோடு ஒப்பிட்டபோது அது பின்தங்கியது, குருதிப்பெருக்கையும் கூட்டக்கூடும்.

சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்துக் கடையொன்றில், "புள்ளைக்கு இதக் குடுங்க அக்கா, இங்கிலீசு மருந்த நிப்பாட்டலாம்" என்று விற்பனையாளர் மிக எளிதாகச் சொன்னார். இந்தத் தட்டில் மிக ஆபத்தான பொருள் அந்த வாக்கியம்தான். வேறொரு கடையிலிருந்த மருந்தாளர், பிள்ளை இப்போது என்ன மருந்து எடுக்கிறான், என்ன நிறை, ஏதேனும் ஒவ்வாமை உண்டா என்று கேட்ட பிறகே போத்தலைக் கையில் தந்தார். நான் தொடர்ந்து போவது அங்கேதான்.

மருந்தை விட்டு விலக நினைக்கும் பெற்றோரின் பயம் எனக்குத் தெரியும். மெதைல்பெனிடேற் எடுத்த நாட்களில் மகன் மத்தியானச் சோற்றைத் தொடமாட்டான், நிறை ஏறாமல் நிற்கும். அதற்கு வைத்தியரிடம் வழி இருந்தது: காலைச் சாப்பாடு முடிந்த பிறகு மருந்தைக் கொடுப்பது, மருந்தின் வேகம் தணியும் மாலையில் நல்ல சாப்பாடு கொடுப்பது, உயரம், நிறை, குருதியமுக்கத்தைக் கிளினிக்கில் ஒழுங்காகப் பார்ப்பது, தேவையானால் அளவையோ மருந்தையோ மாற்றுவது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதல் சிகிச்சை மருந்தல்ல, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி என்று நைஸ் வழிகாட்டலும் சொல்கிறது. மருந்தில்லாத வழியைத் தேடுபவர்கள் கடைக்குப் போவதற்கு முன் கிளினிக்கில் கேட்க வேண்டியது இந்தப் பயிற்சியைத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்க விரும்புபவர்கள் ஈ.பி.ஏ. அளவு தெளிவாக எழுதப்பட்ட மீனெண்ணெயை மட்டும் வாங்குங்கள், மூன்று மாதத்தில் ஆசிரியரும் நீங்களும் மாற்றம் எதையும் காணாவிட்டால் நிறுத்திவிடுங்கள். போத்தலைக் கிளினிக் கொப்பியோடு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். வேறு மருந்து எழுதும்போதும், பல் பிடுங்குவதற்கு முன்பும், பிள்ளை என்னென்ன விழுங்குகிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.