உணர்ச்சியை ஏற்றவும் இறக்கவும்: ஒரு நடிப்புப் பட்டறை குறித்து

சென்னையில் சிறு நாடகக் குழு ஒன்று வார இறுதிகளில் நடத்திவரும் நடிப்புப் பட்டறையில் அண்மையில் கலந்துகொண்டேன். அழவும் கோபப்படவும் கற்றுத்தரும் வகுப்புகள் நகரில் ஏராளம். ஓர் உணர்ச்சியைப் படிப்படியாக வளர்த்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, இன்னொன்றுக்கு மாறுவதை மட்டுமே இந்தப் பட்டறை பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

பயிற்சிக்கு அடித்தளம், 1956இல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக்கின் பெயரோடு வழங்கிவரும் ஏழு இறுக்க நிலைகள். எழவே தெம்பில்லாத தளர்ச்சியில் தொடங்கி, நிதானம், நடுநிலை, விழிப்பு, பதற்றம், ஆவேசம் என வளர்ந்து, அசையவும் முடியாத உச்ச இறுக்கத்தில் முடியும் வரிசை அது. "சாவியை எங்கே வைத்தாய்?" என்ற ஒரே வசனத்தை ஏழு நிலைகளிலும் சொல்லவைத்தார் பயிற்றுநர். ஐந்தாம் நிலையிலேயே பெரும்பாலோர் கத்தத் தொடங்கினர். குரலை உயர்த்தாமல், அதே பதற்றத்தை மூச்சிலும் முதுகிலும் கொண்டுவரும்படி அவர் கேட்டபோதுதான் அறையின் சூழலே மாறியது. சத்தம் வேறு, தீவிரம் வேறு என்று புரியவைத்த அந்த ஒரு பயிற்சிக்கே கட்டணம் தகும்.

சொந்தத் துயரத்தை நினைவுகூர்ந்து அழச் சொல்லும், அமெரிக்க நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் வலியுறுத்திய உணர்ச்சி நினைவு முறை இங்கே இல்லை. அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஏனெனில், அப்படி வரவழைத்த அழுகையை நடுவில் நிறுத்திவிட்டு அடுத்த வரியில் சிரிப்பது பலருக்கும் இயலாது. மூச்சையும் தசையையும் கொண்டு உச்சத்தை அடைந்தவருக்கோ, அங்கிருந்து இறங்கும் வழியும் கைவசம் இருக்கிறது. கதைசொல்லியாகவும் கோமாளியாகவும் நொடியில் மாறும் தெருக்கூத்துக் கட்டியங்காரனைப் பற்றி, சென்னையில் நடக்கும் பட்டறையில் ஒரு சொல்கூட இடம்பெறாதது மட்டும் வியப்பளித்தது.

குறை, கேமரா நடிப்பில் இருக்கிறது. திரைப்படக் காட்சிகள் பெரும்பாலும் கதை வரிசையில் படமாக்கப்படுவதில்லை என்பதால், முந்தைய நான்கு நிலைகளைக் கடக்காமலே ஐந்தாவதில் நிற்க நடிகர் பழக வேண்டும். முகம் மட்டும் தெரியும் குளோஸ்-அப் காட்சியிலோ அந்த இறுக்கத்தைக் கண்ணளவுக்குச் சுருக்கவும் வேண்டும். இதற்குக் கடைசி நாளின் இறுதி அரை மணி நேரமே கிடைத்தது; பலருக்கு நடித்துப் பார்க்கும் வாய்ப்பே வரவில்லை.

ஓரளவு மேடை அனுபவம் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். திரைக்காகவே பயில விரும்புபவர்கள், கேமரா பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படும் என்பதைக் கேட்டறிந்த பின் பணம் செலுத்துவது நல்லது.